நாலரை மணிச் சங்குக்குச் சுருதி சேர்த்தவன்

பம்பாயில் கிடார் வாசித்தவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். போங்கா ஒரு வகை. பாக்கி அத்தனை பேரும் இன்னொரு வகை. அந்தப் பாக்கிப் பேரில் நான்தான் முதல் ஆள். இந்த ரேங்க் யாரும் கொடுத்ததில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் நானே போட்டுக்கொண்டது.

அறுபதுகளின் கடைசி. செம்பூரில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் அவன் வெல்டர், நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. அவன் தாராவி, திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். நான் மாட்டுங்கா. ஷிப்ட் முடிகிற நாலரை மணிக்குச் சங்கு ஊதும் பொத்தான் என் மேஜையை ஒட்டிய சுவரில் இருந்தது. இருபது விநாடி அழுத்த வேண்டும் என்பது கம்பெனி சட்டம். சங்குக்குப் பம்பாயில் போங்கா என்று பெயர். அதுவே அவன் பெயராகவும் ஆனதற்குக் காரணம், அவன் கிடாருக்குச் சுருதி சேர்த்ததே அந்தச் சங்கை வைத்துத்தான்.

ஆமாம் சார், சங்கை வைத்து. நாலரைக்குக் கிடாரைக் கட்டிக்கொண்டு கேட்டில் நிற்பான். சங்கு முனகி, ஏறி, உச்சியில் போய் நிற்கும் அந்த இடத்தைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக முறுக்குவான். வாட்ச்மேன் சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பான்.

"ஓய், பியானோ இருக்கு, ஆர்மோனியம் இருக்கு, இதென்ன கிறுக்குத்தனம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வாத்தியாருமாரு சத்தம் வே. இது வேலைய விட்ட சத்தம்லா! நாலரை அடிச்சதும் மனுசன் மனசு ஒரு மாதிரி ஆவுது பாத்தீரா, நம்ம பாட்டு அங்கனதான் தொடங்கணும்."

அவன் வாசித்தது ப்ளூஸ்-ராக். அமெரிக்காவில் பருத்திக்காட்டுக் கூலிகள் அழுத அழுகைக்குக் கரெண்ட் கொடுத்தால் வருவது. கப்பலில் வேலை பார்த்த மச்சான் கொண்டுவந்த நாலு இசைத்தட்டுதான் அவனுக்குக் குரு. பட்டறையில் வெட்டிப்போட்ட பைப் துண்டு ஒன்றைச் சுண்டுவிரலில் மாட்டிக் கம்பிமேல் இழுப்பான். நானோ மாஹிமில் கோவாக்காரர் ஒருவரிடம் மூன்று வருஷம் புத்தகம் வைத்துக் கற்றவன். நான் கேண்டீனில் வாசித்தால் "பேஷ், நன்னா இருக்கு" என்பார்கள். அவன் வாசித்தால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். டீ ஆறிப்போகும். அந்த ஆறின டீயைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்ன செய்வது? பதினெட்டாவது விநாடியிலேயே பொத்தானை விட ஆரம்பித்தேன். உடனே ஜன்னலில் தலை தெரியும்.

"மாட்டுங்கா! ரெண்டு செகண்டு குறையுது வே. கடைசிக் கம்பி சேரல."

"கரெண்ட் சரியில்லை ஓய்," என்பேன், கூசாமல்.

அந்த வருஷம்தான், கடற்கரையோரப் பெரிய ஓட்டல் ஒன்றின் பாண்டுக்குக் கிடார்க்காரன் தேவை என்று சேதி வந்தது. ஞாயிறு காலை பத்து மணி, எங்கள் தொழிற்சாலைக்கு எதிர் ஹாலில் தேர்வு. இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம்.

"வெல்டிங் வெளிச்சத்துல ராப்பகலா கண்ணு எரியுது வே," என்றான். "டாக்டரு, 'இன்னும் ரெண்டு வருசம் இப்படியே போனா பார்வை போயிரும்'ங்காரு. இந்த எடம் கெடச்சா நான் தப்பிச்சேன்."

ஞாயிறன்று தாராவியிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு மீன்கூடை அவன் கிடார்மேல் சாய்ந்து, ஆறு கம்பியும் கொடிக்கயிறு மாதிரி தொங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஏது சங்கு? பாண்ட் மாஸ்டர் பியானோவில் சுருதி கொடுத்தார். சேர்த்து வாசித்தான். கண்ணராவி! மாஸ்டர் முகத்தைச் சுளித்து, "கடைசியில் இன்னொரு சான்ஸ் தருகிறேன்" என்றார். பிறகு நான் வாசித்தேன், புள்ளி பிசகாமல். "நீதான் போலிருக்கிறது," என்று முதுகில் தட்டினார்.

வெளியே வந்தால் போங்கா படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். 'அந்தச் சங்கை ஒரு தரம் ஊதும் வே' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை பாவி. "நல்லா வாசிச்சீரு மாட்டுங்கா," என்றான். மனசார வேறு சொன்னான்! திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

ரோட்டைக் கடந்தேன். டைம் ஆபீஸ் சாவி என் பையில்தான் இருந்தது.

"சாப், ஆஜ் தோ சுட்டி ஹை!" என்று லீவு நாளை ஞாபகப்படுத்தினான் வாட்ச்மேன்.

"டெஸ்டிங்," என்று சொல்லிவிட்டுப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். இருபது விநாடி இல்லை, ஒரு முழு நிமிஷம். அழுத்தும்போதே என்னை நானே திட்டிக்கொண்டேன்: மடையா, உன் இடத்தை நீயே ஊதிக் கொடுக்கிறாயேடா!

தொழிற்சாலையை ஒட்டிய காலனி முழுக்கக் குலுங்கியது. பாதி க்ஷவரத்தோடு ஒருவர், காலி டிபன் காரியரோடு ஒருவர், "க்யா ஹுவா, க்யா ஹுவா" என்று கேட்டுக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எதிர் ஹாலிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். நானும் அவர்களோடு நின்றேன். அவன் வாசித்து முடித்தபோது அந்தப் பாதி க்ஷவர ஆளின் முகத்தில் சோப்பு காய்ந்திருந்தது.

இடம் அவனுக்குத்தான் கிடைத்தது. எனக்கு மெமோ கிடைத்தது. எலி ஒயரைக் கடித்திருக்கலாம் என்று விளக்கம் எழுதினேன். எலிக்குப் பதிலாக எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன்.

அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் வருஷம்தான். வெள்ளைக் கோட்டு, மாலைப் பத்திரிகையில் போட்டோ, ஆட்டோகிராப் கேட்கும் காலேஜ் பெண்கள். எல்லாவற்றையும் பார்த்து நான் பொருமினேன். இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் தினம் நாலரைக்கு டாக்ஸியில் வந்து கேட்டில் இறங்கிவிடுவான். அங்கே சுருதி சேர்த்தால்தான் ஓட்டலில் வாசிப்பானாம்.

வருஷக் கடைசியில் ஒரு கப்பல் பாண்டோடு வெளிநாடு போனான். புறப்படுகிற அன்றும் வந்தான். ஜன்னலில் தலையை நீட்டி, "எல்லாக் கம்பியும் சேந்துட்டு வே," என்று சிரித்தான். திரும்பி வரவே இல்லை.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அந்தப் பொத்தானை நான்தான் அழுத்தினேன். ஒரு நாள் தவறாமல், இருபத்திரண்டு விநாடி.