4213-ஆம் கட்டு

எல்லாம் பச்சையாக இருந்த திரையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக எரிந்தது. 4213.

"காணோமே!" என்றார் பதிவறை எழுத்தர்.

மாநிலத்தின் எல்லாக் கோர்ட்டுகளின் வழக்குக் கட்டுகளும் இனிமேல் ஒரே கம்ப்யூட்டர் வலைக்குள் என்று உத்தரவு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. பதிவறையில் கிடந்த பழைய கட்டு ஒவ்வொன்றுக்கும் அவரே நீலப் பென்சிலால் அட்டையில் வரிசை எண் போட்டு, ஸ்கேன் செய்து, தும்மித் தும்மி ஏற்றியிருந்தார். மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். எல்லாம் பச்சையானால்தான் அவருடைய மாறுதல் மனுவில் கையெழுத்து என்று தலைமை எழுத்தர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அவர் மனைவியும் கோர்ட் எழுத்தர்தான். ஆனால் ஏழு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால், வேறு ஊர் கோர்ட்டில். பதினோரு வருடமாக அவர் ஞாயிற்றுக்கிழமைக் கணவர். அந்த வீட்டில் அவருடைய பல் துலக்கும் பிரஷ் இன்னும் பைக்குள்ளேதான் இருக்கிறது. அவருக்கு அதுதான் பெரிய துக்கம்.

"சார்… அந்த நம்பர் வந்து…" என்று ஆரம்பித்தான் அலுவலக உதவியாளன். அவன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் அவனுக்கு 'நிதானம்' என்றே பெயர்.

"அப்புறம் சொல்லுப்பா! ஏணியைப் பிடி!"

அலமாரி, பரண், ஜன்னல் இடுக்கு எல்லாம் தேடியாயிற்று. தூசிதான் மிச்சம். மணி பன்னிரண்டு. திரையில் ஒரு பொத்தான் கண்ணில் பட்டது: 'வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது.' எந்த நீதிமன்றம் என்று கேட்டது. பட்டியலில் இருந்ததிலேயே தூரமான ஊரைத் தட்டினார். கட்டம் பச்சையானது. அப்பாடா என்று சாப்பிடப் போனார்.

சும்மா இருக்குமா அது? இங்கே பச்சையானது அந்தத் தூரத்து ஊரில் சிவப்பாக எரிந்தது. அந்த எழுத்தருக்கும் ஒரு தலைமை எழுத்தர் உண்டே! 'பெறப்பட்டு, மேல் அனுப்பப்பட்டது' என்று போட்டு அடுத்த ஊருக்குத் தள்ளிவிட்டார். அடுத்தவர், 'நூல் அவிழ்ந்திருந்தது. மீண்டும் கட்டி அனுப்பப்பட்டது' என்று எழுதினார். அதற்கடுத்தவர் பொறுப்பானவர். '340 பக்கங்கள், சரிபார்க்கப்பட்டது' என்று சேர்த்துத் தள்ளினார். இப்படியே இன்னும் மூன்று ஊர்.

மூன்று மணிக்கு மனைவியிடமிருந்து போன்.

"என்னங்க, ஒரு கட்டு எங்க கோர்ட்டுக்கு வந்ததா காட்டுது. முதல்ல அனுப்பினது நீங்கன்னு இருக்கு. கட்டு வரலேன்னு சொல்லி உங்களை மாட்டிவிட மனசு வரல. வாங்கிட்டேன்னு போட்டுட்டேன்."

"அடிப்பாவி! அப்படி ஒரு கட்டை நானே பாக்கலடி!"

"ஐயையோ! ஆறு கோர்ட்டு பாத்ததா எழுதியிருக்கே!"

நாலு மணிக்குத் தலைநகரிலிருந்து கம்ப்யூட்டரிலேயே கடிதம் வந்தது. ஒரே நாளில் ஏழு கோர்ட் கைமாறியும் ஒரு பக்கம்கூடக் குறையாத 4213-ஆம் கட்டுதான் இத்திட்டத்தின் வெற்றிக்குச் சாட்சி. திறப்பு விழாவில் அதைக் காட்சிக்கு வைக்கக் கடைசியாகப் பெற்ற எழுத்தர் உடனே ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாகப் பெற்ற எழுத்தர் என்றால் அவர் மனைவி! மாறுதல் போனால் போகட்டும், அவள் வேலையும் போய்விட்டால்? நேரே தலைமை எழுத்தரிடம் போய் உண்மையைக் கொட்டினார்.

"சார், நான் கட்டை அனுப்பவே இல்ல. பொய்யா பொத்தானை அழுத்திட்டேன்."

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு கோர்ட்டு வாங்கியிருக்கு. ஒருத்தர் நூல் கட்டியிருக்கார். ஒருத்தர் பக்கம் எண்ணியிருக்கார். அத்தனை பேரும் பொய்யா? அதை நான் தலைநகருக்கு எழுதணுமா? என் பென்ஷனுக்கு உலை வைக்கிறீங்களா?"

"இல்ல சார்…"

"கட்டு உங்க வீட்டம்மா கோர்ட்டுல எங்கேயோ கலந்து கிடக்கு. அட்டையில இருக்கறது உங்க கையெழுத்து, உங்களுக்குத்தான் அடையாளம் தெரியும். கிளம்புங்க. பொறுப்பு இனி உங்களோடது, அந்தம்மாவோடது இல்ல. கட்டு கிடைக்கிற வரைக்கும் உங்களுக்கு அங்கேதான் வேலை. கிடைச்ச மறுநாள் இங்கே வந்து சேரணும்."

உத்தரவைக் கையில் வாங்கியவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் தப்பித்தாள், அந்த அளவுக்கு நிம்மதி. பஸ் ஸ்டாண்டு வரை நிதானம்தான் பெட்டியைத் தூக்கி வந்தான்.

"ஒரு வாரம் இருப்பேனா? பத்து நாள்?" என்று புலம்பினார். "எங்கே ஒளிஞ்சிருந்தாலும் அவ தேடி எடுத்துடுவா, கெட்டிக்காரி. மறுபடியும் இந்த பஸ், இந்தப் பை, இந்த பிரஷ். என் தலையெழுத்தைப் பாத்தியா?"

பஸ் உறுமியது. நிதானம் ஜன்னலோரம் வந்து நின்றான். இந்த முறை அவனை யாரும் தடுக்கவில்லை.

"பிரஷை வெளியவே எடுத்து வைங்க சார்… நீங்க நம்பர் போட்ட அன்னைக்கு நான்தான் கட்டு எடுத்துக் கொடுத்தேன்… 4212 போட்டதும் அக்கா போன் பண்ணாங்க… ஒரு மணி நேரம் சிரிச்சுப் பேசிட்டு வந்து, அடுத்த கட்டுக்கு நேரா 4214-ன்னு போட்டீங்க."