தீனித் தட்டு வள்ளல்

கருணை பொங்கி வழியும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. பறவைக்குத் தீனி வைப்பார்கள். அது தின்கிறதா என்று பார்ப்பதைவிட, தாங்கள் வைத்ததை ஊர் பார்க்கிறதா என்பதில்தான் இவர்களுக்குக் கண். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேடவே வேண்டாம், அவரே வந்து சொல்லுவார்.

நம் வள்ளலின் வீடு காட்டை ஒட்டிய கடைசித் தெருவில் இருக்கிறது. விடிந்ததும் ஆறு தட்டுகளிலும் தானியம் நிரப்பி, போட்டோ எடுத்து, 'வாயில்லா ஜீவன்களின் பசி தீர்த்தேன்' என்று வாட்ஸப் குழுவில் போட்டு, யார் யார் கைகூப்பினார்கள், எந்த மச்சான் கூப்பவில்லை என்று பார்த்து முடித்த பிறகுதான் காப்பி தொண்டையில் இறங்கும். தட்டுகள் தொங்குவது எங்கே? அடுத்த வீட்டில் இருக்கும் தன் தங்கையின் மரத்தில். இவர் வீட்டு மரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கார்மேல் எச்சம் விழுகிறதென்று எப்போதோ வெட்டி, சிமெண்டு பூசிவிட்டார்.

தங்கை தையல் வேலை செய்பவள். அவளுடைய தகரக் கூரைத் தையலறைக்கு அந்த ஊசியிலை மரம் ஒன்றுதான் நிழல்.

ஒருநாள் வனத்துறை அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். இலையடியில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் பூச்சி ஒன்று காட்டு ஊசியிலை மரங்களை உறிஞ்சிக் கொல்கிறது, அதன் குஞ்சுகள் பறவைக் காலைப் பற்றிக்கொண்டு மரம்விட்டு மரம் போகின்றன, அவை ஊர்ந்து திரியும் நாலு மாதம் மட்டும் வருடாவருடம் தட்டுகளைக் கழற்றிவிடுங்கள், அந்தச் சமயத்தில் காட்டிலேயே இரை ஏராளம் என்று பொறுமையாகச் சொன்னார். வள்ளலுக்கு மூக்குக்கு மேல் கோபம். தன் தயவில்லாமல் ஒரு குருவி பிழைத்துவிடுமா? பட்டினிச் சாவுப் பாவம் உங்களுக்குத்தான் என்றார். பூச்சியும் உயிர்தானே என்றார். குருவிக்குக் கால் கழுவியா அனுப்புவது என்று கேட்டுத் தானே சிரித்தார். கடைசியில் கழற்றவும் செய்தார். அந்த அம்மா தெருமுனை திரும்பியதும் மறுபடி மாட்டினார்.

தங்கை அவரை மரத்தடிக்கு அழைத்துப் போனாள். கிளையை வளைத்து, இலையடியில் தெரிந்த வெள்ளையைக் காட்டினாள்.

"அண்ணா, இந்த மரம் போயிட்டா நான் எங்க உட்கார்ந்து தைப்பேன்? நாலு மாசம்தானே, எடுத்துடுங்க."

"குழுவுல அத்தனை பேர் காலையில படத்துக்குக் காத்திருக்காங்கம்மா. திடீர்னு நிறுத்தினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பறவை என்ன நினைக்கும் என்று சொல்ல அவருக்கு மறந்துபோயிற்று.

மூன்றாம் வருடம் மரம் மொட்டையாகிச் செத்தது. வெட்ட ஆள் வந்தபோது வள்ளல் ரம்பம் ஓடுவதைப் போட்டோ எடுத்து, 'மனிதனின் ஈவிரக்கமற்ற பேராசை' என்று குழுவில் போட்டார். கண்ணீர் பொம்மைகள் வந்து குவிந்தன. வெட்கம் என்ற ஒன்று கிட்டவே வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கே தகரம் கொதித்தது. தங்கை புறங்கையால் கழுத்தைத் துடைத்தபடி மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். வள்ளல் ஆறு தட்டுகளோடு வாசலில் வந்து நின்றார்.

"அடுத்த மரம் எப்பம்மா வைக்கப்போறே?"



சீ, இப்படியும் ஒரு மனிதரா என்கிறீர்கள். நீங்கள் அப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், நீங்கள் ஆசையாகச் செய்யும் தர்மத்தை ஒரு நாலு மாதம் நிறுத்தி வையுங்கள் என்று யாராவது சொன்னால், முதலில் உங்கள் கண்முன் வருவது வாங்குகிறவர் முகமா, பார்க்கிறவர் முகமா? பதிலை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.