முன் ரூமும் ஜப்பான் பெருவிரலும்

உயிர் உள்ளவரை என் முதுகில் ஜப்பான்காரப் பெருவிரல் படாது. பொங்கல் கழிந்த மறுவாரம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், கையில் சோற்றோடு நான் செய்த சபதம் இது. சபதம் யாருக்கு எதிரானதோ அவளே பரிமாறினாள். என் மனைவி ஹேமாவதி. அதனால் அன்றைக்குக் குழம்பு கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

விஷயம் இதுதான். ஹேமாவும் பக்கத்து வீட்டு ஜாய்ஸும் உத்தமபாளையத்திலிருந்து குமுளிக்கு வாரம் இரண்டு நாள் பஸ் ஏறிப் போனார்கள். மூன்று மாதம். ஷியாட்சு என்று ஒன்றைப் படித்துவிட்டு வந்தார்கள். ஜப்பான் வைத்தியமாம். உடம்பில் அங்கங்கே புள்ளிகள் இருக்கின்றனவாம். கோலம் போடுகிற மாதிரி புள்ளி பார்த்துப் பெருவிரலால் அழுத்தினால் வலி போகுமாம், தூக்கம் வருமாம், மனசு லேசாகுமாம். சட்டையைக் கழற்ற வேண்டாம். கட்டில் வேண்டாம், தரையில் பாய் போதும். எண்ணெய்கூடக் கிடையாது. எண்ணெய் இல்லாமல் ஊற்றினால் தோசையே கல்லை விட்டு வராது, வலி எப்படி உடம்பை விட்டு வரும்?

சொல்லிக்கொடுத்தவர் கோட்டயத்துக்காரர். ஜப்பானைக் காலண்டரில்தான் பார்த்திருப்பார். அமுக்கும்போது மனசு அடங்க அருவிச் சத்தம் வேண்டுமென்று செல்போனில் ஜப்பான் அருவி ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தார். சுருளி அருவி இங்கே பக்கத்தில் கொட்டிக்கொண்டு கிடக்கிறது. இவர்கள் செல்போனில் அருவி கேட்கிறார்கள். இதைவிடக் கேவலம் ஒரு அருவிக்கு வேண்டாம்.

இதோடு விட்டிருந்தால் நானும் பொறுத்திருப்பேன். படிப்பு முடித்ததற்குக் கொடுத்த சான்றிதழுக்கு ஹேமா கண்ணாடி போட்டாள். முன் ரூமில் மாட்டியிருந்த என் காங்கேயம் காளைப் படத்தை இறக்கினாள். அதே ஆணியில் சான்றிதழை மாட்டினாள். பிறகு அந்த ரூமையே கேட்டாள்.

முன் ரூம் என் ராஜ்யம். என் பெயர் கருத்தக்கண்ணன். மாட்டுத் தரகன். வெள்ளிக்கிழமை சந்தை. அன்றைக்கு இருட்டோடு கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. மற்ற ஆறு நாளும் என் கூட்டாளிகள் முன் ரூமில்தான் இருப்பார்கள். செல்போனில் மாட்டுப் படம் பார்ப்போம். பல்லை எண்ணி வயசு எத்தனை என்று சண்டை போடுவோம். பேரம் வந்தால் அங்கேயே துண்டைப் போட்டு முடிப்போம்.

எங்கள் தொழிலில் வாயால் விலை பேசுவது கிடையாது. இரண்டு பேர் கைக்கும் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே விரலைப் பிடிப்போம். பிடித்த விரல் எத்தனையோ அத்தனை. கை முழுசையும் பிடித்தால் ஐந்து. அதற்கு மேல் விரல் விரலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதறினால் வேண்டாம் என்று அர்த்தம். இறுக்கினால் முடிந்தது. முடிந்ததென்றால் முடிந்ததுதான், அப்புறம் மாடே பேசினாலும் பேச்சு மாறாது. இருபத்தாறு வருஷத்தில் துண்டுக்குள் கொடுத்த வாக்கிலிருந்து நான் ஒருமுறைகூடப் பின்வாங்கியதில்லை. என் மாமனாரும் ஆண்டிபட்டிப் பக்கம் இதே தரகுதான். இந்த ஒரு குணத்துக்காகத்தான் எனக்குப் பெண் கொடுத்தார். ஹேமாவிடம் இதை வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டுவேன்.

அப்பேர்ப்பட்ட ரூமைத்தான் கேட்டாள்.

“முன் ரூம ஒழிச்சுக் குடுங்க. நானும் ஜாய்ஸும் அங்கன பாய் விரிக்கப் போறோம்.”

“என் ஆளுக எங்கன ஒக்காருவாக?”

“டீக்கடையில. பெஞ்சு சும்மாதான கெடக்கு.”

“இந்தா பாரு ஹேமா. இது மம்பட்டி புடிக்கிற ஊரு. மேலு வலிச்சா வெந்நி ஊத்துவான். மிஞ்சுனா தைலம் தேப்பான். விரல வச்சு அமுக்க ஒன்கிட்ட எவன் வருவான்?”

“மொதல்ல நீங்க வாங்க. ஒங்க கழுத்து ஒரு மாசமா ஒரு பக்கந்தான் திரும்புது. யாரு கூப்பிட்டாலும் ஒடம்போட திரும்புறீக.”

“அது மரியாதை.”

“பின்னாடி பொடக்காலியில பல்லி கத்துனாலும் ஒடம்போட திரும்புறீக. பல்லிக்குமா மரியாதை?”

அப்போதுதான் அந்தச் சோற்றுச் சபதம்.

சபதம் மட்டும் போதாது, ஷியாட்சுவின் மானத்தை ஊரறிய வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு ஞானதுரையைப் பிடித்தேன். ஜாய்ஸின் கணவர். டிராக்டர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டிலும் ஹாலைக் காலி செய்யச் சொல்லி இதே ரோதனை நடந்துகொண்டிருந்தது.

“தம்பி, நீ போயி இடுப்பு வலின்னு படு. ஹேமா விரல வச்சதும் அலறணும். அலறுன அலறல்ல தெருவே வந்து நிக்கணும். அதுக்கப்புறம் ஒரு பய பாயில படுக்க மாட்டான்.”

“எத்தன தடவண்ணே அலறணும்?”

“தாராளமா அலறு.”

கடையில் வைத்து ஒத்திகை பார்த்தோம். பிரமாதமாக அலறினார். டிராக்டர் பெல்ட் வாங்க வந்தவர் வாங்காமலே போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், ஒரு நாளைக்கு மட்டும் என்று நான் விட்டுக்கொடுத்த முன் ரூமில், ஹேமா பாயை விரித்தாள். ஜாய்ஸ் அருவியைப் போட்டாள். ஞானதுரை குப்புறப் படுத்தார். நான் ஜன்னலை இரண்டு பக்கமும் திறந்து வைத்தேன், அலறல் தாராளமாக வெளியே போகட்டும் என்று.

ஹேமா இடுப்பில் பெருவிரலை வைத்தாள். “ஆ!” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது புள்ளி. “ஆ...” என்றார். சுருதி இறங்கியிருந்தது. மூன்றாவது “ஆ” வரும்போதே கொட்டாவியாக மாறிவிட்டது. நாலாவதாக வந்தது குறட்டை. டிராக்டர் ஸ்பேர்ஸ் விற்கிறவர் குறட்டை, தெரு முழுக்கக் கேட்டது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அரை மணி நேரம் கழித்து எழுந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மதினி, நாளைக்கும் உண்டா?”

வேலியில் போன ஓணானை நானேதான் எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன். ஜாய்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ரோஷம் உச்சிக்கு ஏறியது.

“இவன் கல்லாவுல ஒக்காந்தே தூங்குறவன்! என்னைய அமுக்கு பாப்போம். நான் தூங்கிட்டேன்னா ஏழு நாளும் ரூம் ஒனக்கு. தூங்கலைன்னா இந்தச் சான்றிதழக் கழட்டிட்டு என் காளைய மாட்டணும்.”

“சபதம் என்னாச்சு?” என்றாள் ஹேமா.

“சபதம் முதுகுக்குத்தான். கழுத்து, கையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.”

மல்லாந்து படுத்தேன். கண்ணை அகல விழித்து ஃபேனைப் பார்த்தேன். கழுத்தில் விரலை வைத்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஒன்றுமே இல்லை. வெறும் விரல். இதற்கு மூன்று மாதப் படிப்பு, பஸ், கோட்டயம். ஃபேன் இறக்கையை எண்ணினேன். மூன்று. சந்தேகத்துக்கு மறுபடி எண்ணினேன். மூன்றுதான். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். என் தோளில் கிடந்த துண்டை உருவி அதன் மேல் போர்த்தினாள்.

“இது என்னத்துக்கு?”

“கையில காத்து படக் கூடாதுங்க.”

காற்றுக்கும் ஜப்பானில் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். துண்டுக்குள் ஒவ்வொரு விரலாக அழுத்தினாள். அருவி கொட்டிக்கொண்டே இருந்தது. ஃபேன் இறக்கை நான்கு. ஐந்து.

அப்புறம் நான் சந்தையில் நிற்கிறேன். எதிரில் கூடலூர் ஆள் ஒருவன், மூஞ்சி தெரியவில்லை. துண்டுக்குள் என் கையை முழுசாகப் பிடித்து, அதன் பிறகு இரண்டு விரலைப் பிடிக்கிறான். ஏழு. உதறினேன். மறுபடி ஏழு. என்னிடமா? உதறினேன். முழுக் கை, ஒரு விரல். ஆறு. இறங்கிவிட்டான்! இறங்கினவனை விட்டால் நான் தரகனா? ஒரே இறுக்காக இறுக்கினேன். பேரத்தில் ஜெயித்தால் உடம்பே இனிக்கும். எனக்கு அப்படித்தான் இனித்தது.

கண்ணைத் திறந்தால் மூன்று தலைகள் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன.

“முடிஞ்சதுங்க. ஆறு,” என்றாள் ஹேமா.

“என்னத்த ஆறு?”

“வாரத்துல ஆறு நாளு ரூம் எங்களுக்கு. நான் ஏழு கேட்டேன். நீங்க ஒதறுனீக. மறுபடி கேட்டேன், மறுபடி ஒதறுனீக. ஆறுன்னேன், இறுக்கிப் புடிச்சீக.”

“அண்ணன் மொகத்துல என்னா சிரிப்பு!” என்றாள் ஜாய்ஸ்.

தரகர் பெண்ணைக் கட்டியவன் துண்டைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். ஆண்டிபட்டி மாமனார் மாட்டுக்கு மட்டும் விரல் பிடிக்கவில்லை, மகளுக்கும் பிடித்துக் காட்டியிருக்கிறார். இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது. என் பெருமையை நானே பேசிக்கொண்டிருந்ததில் அவள் பக்கத்துப் பெருமையைக் கேட்க மறந்துவிட்டேன்.

“செல்லாது!” என்று துள்ளி எழுந்தேன். “தூக்கத்துல பேசுன பேரம் எந்தச் சந்தையிலயும் செல்லாது!”

“அப்ப தூங்குனீகளா?”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றாள். “தூங்குனீகன்னா நீங்க கட்டுன பந்தயம் தோத்துருச்சு. ஏழு நாளும் எனக்கு. தூங்கலைன்னா பந்தயத்துக்கு அப்புறம் துண்டுக்குள்ள பேசுனதுதான் நிக்கும். இருவத்தாறு வருசமா மாறாத ஆளு நீங்க. ஆறு நாளு எனக்கு.”

ஞானதுரையைப் பார்த்தேன். ஆள் மறுபடி பாயில் உட்கார்ந்து இடம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் உதவி இல்லை. ஆனாலும் தரகன் தரகன்தான். ஏழைவிட ஆறு குறைவு.

“நான் முழிச்சுத்தான் இருந்தேன்,” என்றேன்.

“எனக்குத் தெரியும்ங்க,” என்றாள் அன்பாக.

ஆறு நாள் ரூமோடு ஆணியும் போய்விட்டது, சான்றிதழ் அதிலேயே இருந்தது. என் காளையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. ஒரு மாதத்துக்குப் பிறகு, வலியே இல்லாமல், வெண்ணெய் மாதிரி. இதை அவள் பார்த்தால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. அவசரமாக விறைத்துக்கொண்டு உடம்போடு திரும்பினேன்.

வாசலில் நின்று, மிச்ச மானத்தையெல்லாம் திரட்டிக் கேட்டேன்:

“ஏழாவது நாளு எனக்குத்தான?”

“சத்தியமா ஒங்களுக்குத்தான். அன்னைக்கு நாங்க எட்டிக்கூடப் பாக்க மாட்டோம். ஒங்க ஆளுக வரட்டும், காளைய மாட்டிக்கங்க, ராஜா கணக்கா ஒக்காந்துக்கங்க.”

“அது எந்த நாளு?”

“வெள்ளிக்கெழம,” என்றாள்.

சந்தை நாள்.