கம்ப்யூட்டருக்குச் சாவி தேடிய சனிக்கிழமை

டாக்குரியா, கொல்கத்தா
13.3.2005, ஞாயிறு

மகாகனம் பொருந்திய கிரிதர் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகன் சைதன்யா ஒன்றரைக் கை கூப்பி (மீதி அரைக் கையில் ஸ்க்ரூ டிரைவர்) எழுதிக்கொள்வது.

கோயமுத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் நம் சொந்தபந்தம் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், நேற்று சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் படம் தெரிந்தது. அதற்கு முன் ஐந்து மணி நேரம் தெரியவில்லை. உயிர்ச்சேதம் இல்லை. சாதனா அக்காவின் கண் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

நீங்கள் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன அதே கம்ப்யூட்டர்தான் மாமா. அக்கா கடைசி வருஷக் கட்டடக்கலைப் படிப்புக்கு அதில் ஓர் ஆஸ்பத்திரி கட்டிவைத்திருக்கிறாள். நாளைக்குக் காலேஜில் வாத்தியார்களை அதற்குள் சுற்றிக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியைக் கொஞ்சம் திருப்பினால் போதும், சுவரெல்லாம் காணாமல் போய் ஆபரேஷன் தியேட்டர் நடுத்தெருவுக்கு வந்துவிடுகிறது. "கிராபிக்ஸ் கார்டு போட்டாச் சரியாயிடும், பொருத்தம் பாக்கறது என் பொறுப்பு"ன்னு நான் சொன்னேன். "உன்னை நம்பியா? கீபோர்டுல எழுத்தையெல்லாம் பேத்து மாத்தி ஒட்டினவன்தானே நீ? என் புராஜெக்டுக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்புறம் இந்த ரூமுக்குள்ள நீ காலே வைக்கக் கூடாது"ன்னா அக்கா. அம்மாவோ, "ரேஷன் கார்டுல பேரு சேக்கவே ஆறு மாசம் ஆச்சு, இந்தக் கார்டு திங்கக்கிழமைக்குள்ள வந்துருமாக்கும்?"னு கேட்டாங்க.

வெள்ளிக்கிழமை மெட்ரோ பிடித்து சாந்தினி சௌக் கம்ப்யூட்டர் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்கார தாதா (பயப்படாதீர்கள், இங்கே எல்லா அண்ணனும் தாதாதான்), "ஸ்லாட் இருக்கா?"ன்னு பெங்காலியில் கேட்டார். கார்டு சொருக எந்த மாதிரி ஸ்லாட் என்றுதான் அவர் கேட்கிறார் என்பது நம் மூளைக்கு எட்டவில்லை. காலியாக ஒன்று இருக்கிறது என்று பெருமையாக, "காலி ஆச்சே தாதா, காலி ஆச்சே!"ன்னு ரெண்டு தடவை சொன்னேன். வீட்டுக்கு வந்து கார்டை வைத்துப் பார்த்தால் அது நுழையவே மாட்டேன் என்றது. பெங்காலியில் சொன்னது தமிழிலும் பலித்துவிட்டது மாமா. அது புது மாதிரி ஸ்லாட்டுக்கான கார்டு, நம்முடைய போர்டில் இருப்பது பழைய ஏ.ஜி.பி. "ஏ.ஜி.பி.யா? ஆடிட்டுக்கு வர்ற ஆபீஸ்காரங்களாடா?"ன்னு அப்பா பயந்துபோய் பேப்பரை மடித்து வைத்தார். துறைமுக உத்தியோகம், பாவம்.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போதே போய் நின்று, தாதாவின் திட்டையும் வாங்கிக்கொண்டு, ஏ.ஜி.பி. கார்டாக மாற்றி வந்தேன். இந்தத் தடவை நான் ஆராயாத விஷயமில்லை. கார்டில் வெட்டு எந்தப் பக்கம், போர்டு எத்தனை வோல்ட் தாங்கும் என்று எல்லாம் பொருத்தம் பார்த்தேன், பத்துக்குப் பத்து. சொருகினேன், மானிட்டர் வயரை மாட்டினேன், சுவிட்சைப் போட்டேன். விசிறி சுத்துது, லைட் எரியுது, திரை மட்டும் அமாவாசை. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். கீபோர்டு விஷயத்தில் என்னைத் துரத்தித் துரத்தி அடித்தவள் மாமா, இப்போ அடிக்கக்கூட இல்லை. கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, மணி மூணாகிவிட்டது.

அம்மா அதற்குமேல் பொறுக்காமல், தெருமுனையில் எல்லா ரிப்பேருக்கும் ஆள் அனுப்பும் கடைக்குப் போன் போட்டாங்க. பெங்காலியில் சொபி என்றால் படம், சாபி என்றால் சாவி. உங்கள் அக்காவுக்கு இருபது வருஷமாகியும் ரெண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் படம் வரவில்லை என்று சொல்வதாக நினைத்து, "கம்ப்யூட்டரே சாபி ஆஷ்ச்சே நா! சாபி! சாபி!"ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாங்க. அரை மணியில் ஆள் வந்துவிட்டார். இடுப்பில் ஒரு கிலோ சாவிக்கொத்தோடு நிமாய்தா, பூட்டு ரிப்பேர்காரர். வாசலில் நின்று, "தாலா கொத்தாய்?"ன்னு கேட்டார். பூட்டு எங்கே என்று அர்த்தம். அம்மா சட்டென்று தாலியைப் பிடித்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போய்விட்டாங்க. "ஏங்க, இந்தாளு தாலியக் கேக்கறானுங்க!" அப்பா எழுந்து வந்தார். அழுதுகொண்டிருந்த அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விஷயத்தை நான் விளக்கினேன். வந்ததுதான் வந்தோம் என்று நிமாய்தா திறந்துகிடந்த பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏ.ஜி.பி. ஸ்லாட் முனையில் கார்டைப் பிடித்துக்கொள்ள ஒரு குட்டித் தாழ் இருக்கும், உங்களுக்குத் தெரியும். "எய் தோ தாலா!", இதோ பூட்டுன்னு, கண்டுபிடித்துவிட்டார். கார்டை ஒரு அழுத்து. கிளிக். சுவிட்சைப் போட்டோம், படம் வந்தது! ஆஸ்பத்திரி வந்தது, சுவர் வந்தது, எப்படித் திருப்பினாலும் ஆபரேஷன் தியேட்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. அக்கா என் தலையைக் கோதினாள் மாமா, நெஜமா. நிமாய்தாவுக்கு ஒரு டம்ளர் பாயசம். அவர் வெறும் கை, மூளை என்னுடையது என்பதைத் தாங்கள் ஊகித்திருப்பீர்கள். எந்தத் தாழ், எவ்வளவு அழுத்தம் என்று பக்கத்தில் நின்று வழிகாட்டியது அடியேனே. லேக் மார்க்கெட் வரைக்கும் இனி யாருக்குக் கார்டு பொருத்தம் பார்க்க வேண்டுமானாலும் என்னிடம்தான் ஜாதகத்தோடு வர வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம், குட்டி ரோஹிணிக்கு ரெண்டு கன்னத்திலும் கிள்ளு. நாளைக்கு அக்காவின் ஆஸ்பத்திரியில் எல்லாரும் சுகமாயிருக்க அங்கிருந்தே ஒரு கும்பிடு போடுங்கள்.

இப்படிக்கு,
பொருத்தச் சக்கரவர்த்தி
சைதன்யா

பி.கு.: மாமா, உங்களுக்கு மட்டும். கார்டு முதலிலிருந்தே ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது, அந்தத் தாழ் மட்டும்தான் விழாமல் இருந்தது. மானிட்டர் வயரைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் புதுக் கார்டில் மாட்டாமல், கார்டு போட்டபின் படமே வராத போர்டின் பழைய ஓட்டையிலேயே மாட்டியிருக்கிறேன். நிமாய்தா டார்ச்சைப் பின்பக்கம் அடித்தபோதுதான் பார்த்தேன். எல்லாரும் கிளிக்கைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மெதுவாகக் கையை விட்டு மாற்றிவிட்டேன். அஞ்சு மணி நேரம் அக்கா அழுதது என் ஒரு வயருக்காக. அவளிடம் சொல்ல நாளைக்குச் சாயங்காலம் வரை தைரியம் வராது. நிமாய்தா கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பூட்டுக்காரர் இல்லையா, வாயையும் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நீங்களும் கொஞ்சம் பூட்டிவையுங்கள் மாமா.