நாகலூரில் ஒரு ஃபர்ஸ்ட் கிளாஸ்

இட்லி தின்ன வந்தவனுக்கு, இட்லிக்கு முன்னால் ஆவி பறக்கும் துண்டை இடுக்கியால் எடுத்துக் கொடுத்து முகம் துடைக்கச் சொன்ன ஒரே பிறவி எங்கள் ஏரோப்ளேன் அக்காதான். உலகத்திலேயே ஒரே பிறவி என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆகாயத்தில் அப்படி இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்று அக்காவே சொல்லியிருக்கிறார். ஆகவே, தரையில் இவர் ஒருவர்தான் என்று திருத்திக்கொள்கிறேன்.

அக்கா முப்பத்தொரு வருஷம் ஏதோ ஒரு வெளிநாட்டு விமானத்தில் பணிப்பெண். அதில் பாதிக்கு மேல் முதல் வகுப்பில். ஓய்வு பெற்றதும் ஏற்காட்டுக்கு மேலே எங்கள் நாகலூரில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு ஓட்டு வீட்டை வாங்கி மெஸ் வைத்தார். நாலு மேஜை, எட்டு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் பெயிண்டில் எண்: 1-ஏ, 1-பி, 2-ஏ என்று 4-பி வரைக்கும். இதில் 1-ஏ யாருக்கும் கிடையாது. ஜன்னலோரம், காபித் தோட்டம் முழுசாகத் தெரிகிற நாற்காலி. அதைத் தினமும் துடைத்து, தட்டு வைத்து, நாப்கின் மடித்து வைத்து, காலியாகவே விட்டு வைப்பார்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த கணக்கு டீச்சர். எனக்குச் சமையலும் வரவில்லை, கல்யாணமும் ஒத்து வரவில்லை. இரண்டையும் ஒரேயடியாக விட்டுவிட்டு மலையேறியவள். முதல் நாள் மெஸ்ஸில் போய் உட்கார்ந்ததும் அக்கா என் நாற்காலிக்குப் பக்கத்தில் சடாரென்று மண்டி போட்டார். எதையோ கீழே போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நானும் குனிந்து மேஜைக்கு அடியில் தேடினேன்.

"எதுவும் விழலீங்க. பயணி உக்காந்திருக்கையில நாம நின்னுக்கிட்டுப் பேசக் கூடாது. கண்ணுக்கு நேரா பார்த்துப் பேசோணும். உங்க பேருங்க?"

"டீச்சர்."

"அது வேலைங்க. பேரு?"

"கலைச்செல்வி."

"நல்வரவு, மிஸ் கலைச்செல்வி. இன்னைக்குப் பொங்கலா, இட்லியா, எது உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு பொங்கல் என்றேன். பொங்கல் சுமார்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலையில் பிள்ளைகளுக்கு நான் டீச்சர். தலைமையாசிரியருக்கு டீச்சர். வீட்டுக்காரம்மாவுக்கு டீச்சர். பலாப்பழம் விற்கிறவருக்கும் டீச்சர். மூன்று வருஷமாக என் பேரை வாய்விட்டுச் சொன்ன ஒரே மனுஷி அக்கா. விடுமுறை நாளிலும் காலையில் குளித்துக் கிளம்பி அந்த மெஸ்ஸுக்குப் போனேன் என்றால், பொங்கலுக்காகப் போகவில்லை. என் பேரைக் கேட்கப் போனேன்.

அக்காவின் தர்மத்தில் தலையாய விதி, 'இல்லை' என்ற வார்த்தையைப் பயணியிடம் சொல்லக் கூடாது. இதனால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சின்னத்தம்பி பட்ட பாடு கொஞ்சமல்ல.

"ஏனுங்க்கா, வடை இருக்குதுங்களா?"

"மிஸ்டர் சின்னத்தம்பி, சுடச்சுட கம்பு தோசை தரலாங்களா?"

"வடை இருக்குதான்னு கேட்டனுங்க."

"இல்லாட்டி அடைக்கு அவியல் நொம்ப நல்லா வந்திருக்குதுங்க."

"அட, வடை இருக்குதா இல்லியான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டாத்தான் என்னங்க!"

"நாளைக்குக் காலையில முதல் வடை உங்களுக்குத்தானுங்க."

மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு கம்பு தோசை தின்றுவிட்டுப் போவார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு சுற்றுலாக் கூட்டம் 1-ஏதான் வேண்டும் என்று நின்றது. அவர்களிடமும் அக்கா இல்லை என்று சொல்லவில்லை. 4-பியின் அருமை பெருமைகளைக் கால் மணி நேரம் விளக்கி, அவர்களாகவே அதற்குச் சண்டை போடும்படி செய்துவிட்டார்.

மெஸ்ஸுக்கு ஊழியர் ஒரே ஒருத்தர், ராசாத்தி. ஐம்பது வயது. காபிப்பழம் பறித்துக்கொண்டிருந்தவரைக் கூட்டி வந்து அக்கா கொண்டை போடப் பழக்கினார். தினமும் காலை ஆறரைக்கு அடுப்பங்கரையில் இரண்டு பேர் மட்டும் கூடும் மாபெரும் கூட்டம் நடக்கும். நகம் பார்ப்பார், கொண்டையில் முடி பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு ஒரே ஒரு கேள்வி. தப்பாகச் சொன்னால் அன்றைக்கு விமானத்தில் ஏற முடியாது, இறக்கி விடப்படுவார். அதாவது ராசாத்தி வீட்டுக்குப் போகலாம், சம்பளம் உண்டு. முதல் காபிக்குக் காத்திருக்கும் நான் இதைப் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"ஊழியர் ஒருத்தர் டூட்டி இல்லாம, பயணியா போறார். அவர் எங்க உக்காரலாம்?"

"டிரைவர் பக்கத்துலங்க்கா."

"ராசாத்தி! இதையே போன வாரமும் சொன்னே!"

"மறந்துபோச்சுங்க்கா." முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கொண்டையை அவிழ்த்துவிட்டு ராசாத்தி கிளம்பிவிடுவார். அன்றைக்குத் தலைச்சோலையில் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் இருக்கும். இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி ராசாத்தி எத்தனை விசேஷத்துக்குப் போய் வந்தார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது, பாவம்.

அவசர வெளியேற்றப் பயிற்சி என்று ஒரு கூத்து உண்டு. தொண்ணூறு விநாடிக்குள் எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. சாம்பாரில் கையை வைக்கிற நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து கர்ஜனை வரும். "எல்லாத்தையும் விடுங்க! இந்தப் பக்கம் வாங்க! ஓடுங்க!" ஒருமுறை சின்னத்தம்பி தட்டோடு ஓடி வந்துவிட்டார்.

"லக்கேஜைத் தூக்கிட்டு வரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது மிஸ்டர் சின்னத்தம்பி? உங்க தோசை பெருசா, பின்னாடி வர்றவங்க உசிரு பெருசா?"

"பின்னாடி யாரும் வரலீங்க்கா. டீச்சர் எனக்கு முன்னாடியே ஓடிப்போட்டாங்க."

எல்லாம் சிரிப்புத்தான். ஒரு நாள் மட்டும் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்கலாம் என்று அடுப்பங்கரைத் திரையை விலக்கினேன். அக்கா மேடைமீது தட்டை வைத்து, நின்றுகொண்டே, அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டை மறைத்தார்.

"ஏனுங்க்கா, அந்த ஜன்னலோரச் சீட்டுத்தான் காலியா கெடக்குதே, உக்காந்து சாப்பிடலாமில்ல?"

"பயணி சீட்டுல ஊழியர் உக்காரக் கூடாது கண்ணு. முப்பத்தொரு வருஷமா திரைக்குப் பின்னாடி நின்னுதான் சாப்பிட்டேன். பழகிப்போச்சு." தட்டைக் கழுவப் போட்டுவிட்டு அவரே சொன்னார். "ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்டிருக்கேன். எல்லாரும் இறங்கிப் போயிருவாங்க. ஒருத்தரோட உக்காந்து சாப்பிட்டதில்ல."

"அப்புறம் அந்தச் சீட்டு யாருக்குங்க?"

"கடைசி நேரத்துல யாராச்சும் வருவாங்க. வைச்சிருக்கோணும்." தண்ணீர் கேட்க மறந்து திரும்பி வந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. சின்னத்தம்பி பக்கத்தில் வழக்கம்போல் மண்டி போட்ட அக்கா எழுந்திருக்கவில்லை. முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "வேற ஏதாவது வேணுங்களா மிஸ்டர் சின்னத்தம்பி?" என்றார். அவர் ஒரு தோசை சொன்னார். ராசாத்தி கொண்டு வந்தார். அக்கா நகரவில்லை. "இன்னும் ஏதாவது?" என்றார். இப்படியொரு உபசாரத்தைக் கண்டிராத சின்னத்தம்பி நெகிழ்ந்துபோய் இன்னொரு தோசையும் காபியும் சொன்னார். மூன்றாவது தோசையின்போதுதான் அக்காவின் கண் கலங்கியிருந்ததை ராசாத்தி பார்த்தார். முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. ராசாத்தியும் சின்னத்தம்பியும் நானும் சேர்ந்து தூக்கினோம். தூக்குகிறபோதும் "சிரமத்துக்கு மன்னிக்கோணும்" என்று எங்களிடம் சொன்னார்.

சேலத்து டாக்டர் இனி ஜென்மத்துக்கும் மண்டி போடக் கூடாது என்றார். அக்காவுக்கு அது போதும். மண்டி போட முடியாத, தொண்ணூறு விநாடியில் ஆட்களை வெளியேற்ற முடியாத ஊழியர் பறக்கத் தகுதியில்லாதவர். தனக்குத்தானே அப்படித் தீர்ப்பெழுதிக்கொண்டு மெஸ்ஸை மூடினார். கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டார். இரண்டு வாரம் நான் வீட்டில் பிரெட் தின்றேன். பதினைந்து நாள் என் பேரை நான் கேட்கவில்லை. அக்கா போய்விட்டால் இனி கேட்கவே மாட்டேன்.

கிளம்புகிற நாள், குப்பனூர் வழியாக வர வேண்டிய டாக்சி எட்டு மணிக்கு வரும் என்றார்கள். ஏழு மணிக்கே நானும் சின்னத்தம்பியும் போனோம். ராசாத்தி எங்களுக்கு முன்னால் வந்திருந்தார். இஸ்திரி போட்ட சேலை, ஒரு முடி பிரியாத கொண்டை. மேஜையெல்லாம் துடைத்து, 1-ஏயில் தட்டு வைத்து, நாப்கின் மடித்திருந்தது. அக்கா கைத்தடியோடு வாசலில் நின்றார்.

"வாங்க்கா, உக்காருங்க," என்று ராசாத்தி 1-ஏயை இழுத்துப் போட்டார்.

"விளையாடாதே ராசாத்தி. ஊழியர் பயணி சீட்டுல உக்காரக் கூடாது."

"ஊழியர் டூட்டி இல்லாம பயணியா போறப்ப, காலியா இருக்கிற முதல் வகுப்புச் சீட்டுல உக்காரலாமுங்க. மத்த பயணிக்குக் குடுக்கிற அத்தனை மரியாதையும் அவருக்கும் குடுக்கோணுமுங்க." ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

அக்கா அவரையே பார்த்தார். "இத்தனை வருஷமா டிரைவர் பக்கத்துலன்னு சொன்னியேடி!"

"அப்பல்லாம் எனக்கு லீவு வேணும்ங்க்கா. இப்ப நீங்க வேணும்."

அக்கா உட்கார்ந்தார். ராசாத்தி இடுக்கியால் சுடுதுண்டை நீட்டினார். பிறகு பக்கத்தில் மண்டி போட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்து ஆரம்பித்தார். "நல்வரவுங்க, மிஸ்..."

அந்த வார்த்தையோடு நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். நான் சின்னத்தம்பியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். எங்கள் பேர், எனக்குத் தேங்காய்ச் சட்னி ஆகாதென்பது, சின்னத்தம்பியின் பேத்தி பிறந்தநாள் வரைக்கும் தெரிந்து வைத்திருந்த மனுஷியின் பேர் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தரும் கேட்டதில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"மன்னிக்கோணுமுங்க," என்றார் ராசாத்தி, குரல் உடைந்து. "உங்க பேருங்க?"

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ராசாத்தி அதைத் திருப்பிச் சொல்லி நல்வரவு கூறினார். அக்கா இரண்டு கையாலும் சுடுதுண்டை முகத்தில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் எடுக்கவேயில்லை. நான் 1-பியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொங்கல் வந்தது. சேர்ந்து சாப்பிட்டோம்.

எட்டு மணிக்கு வாசலில் டாக்சிக்காரர் ஹார்ன் அடித்தார். "ஏனுங்க, கோயம்புத்தூருக்கு ஆள் வர்றாங்களா இல்லீங்களா?"

ராசாத்தி சிரித்த முகத்தோடு வெளியே போனார். "சார், உங்களுக்குப் பொங்கல் பிடிக்குங்களா, இட்லி பிடிக்குங்களா?"

பொங்கல் சாப்பிட்டுவிட்டு அவர் காலி வண்டியோடு மலையிறங்கினார். இப்போது ராசாத்தி மண்டி போடுகிறார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து அவரை நாள் முழுக்கத் திட்டுகிறார்.

அவர் பேர் என்னவென்று கேட்பீர்கள். நேரில் வந்து அவரிடமே கேளுங்கள், நாங்கள் செய்யத் தவறியது அதைத்தான். எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காருங்கள். 1-ஏ மட்டும் வேண்டாம். அங்கே ஆள் இருக்குதுங்க.