முன்வாசிப்பாளரும் அட்டைப்பெட்டி மாளிகையும்

மனித குலத்தில் முன்வாசிப்பாளர் என்றோர் இனம் உண்டு. நூலகத்திலிருந்து பிள்ளை எடுத்துவரும் சாகசக் கதைப் புத்தகத்தை, பிள்ளைக்கு முன்பாகத் தாமே படித்து முடிக்கும் பெரியவர்களே இவ்வினத்தார். நேரில் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். "சும்மா புரட்டிப் பாக்குறேன். பிள்ளைங்க படிக்கத் தக்கதான்னு பெரியவங்க பாக்க வேண்டாமா?" என்பார்கள். புரட்டிப் பார்க்கும் கண்களில் நீர் ஏன் கட்டி நிற்கிறது என்று கேட்டால், வெளிச்சம் கூசுகிறதென்று பழி விளக்கின் மீது விழும்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. அலுவலகப் பையில் கோப்புகளுக்கு நடுவே, நாளிதழ் உறை போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருக்கும். உறையைச் சற்றே விலக்கினால், ஒரு கோபுரமும் மூன்று சிறுவரும் ஒரு நாயும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். தரைதட்டிய படகோ, கைவிடப்பட்ட கடிகாரக் கோபுரமோ, கதையில் யார் எதில் குடியேறினாலும் இவர்களுக்குச் சம்மதமே. அங்கே கூரை ஒழுகினால் இவர்களுக்கு மெய்சிலிர்க்கும். சொந்த வீட்டில் குழாய் ஒழுகினால்? தெருவே கூடிவிடும்.

இவ்வினத்தின் தூய மாதிரி ஒருவர் இருக்கிறார். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் ஆய்வாளர். பகல் முழுவதும், மாடிப்படியின் அகலம் இரண்டு விரற்கடை குறைந்ததென்று வரைபடங்களைத் திருப்பியனுப்புவார். மாலையில், படியே இல்லாத கோபுரத்தில் கயிறு கட்டி ஏறும் மூன்று அநாதைகளுக்காக உயிரை விடுவார். அந்தப் பிள்ளைகள் கடிகார முகத்தின் பின்னால் பாய் விரித்துப் படுத்த கட்டத்தில், நூலகப் புத்தகம் என்பதையும் மறந்து, பக்க ஓரத்தில் 'காற்றோட்டம் போதுமானது' என்று பென்சிலால் எழுதிச் சுருக்கொப்பமும் இட்டார்.

அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். வீட்டில் அவள் பெயர் நண்டு. அந்தப் புத்தகத்துக்காக அவள் ஒன்பது நாள்களாகக் காத்திருந்தாள். "இன்னும் சரிபாக்கலம்மா" என்பதே நாள்தோறும் கிடைத்த பதில்.

புதன்கிழமையன்று அவ்வீட்டுக்குப் புதிய குளிர்சாதனப் பெட்டி வந்தது. அதனினும் மேலாக, அதைச் சுமந்துவந்த அட்டைப்பெட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பர்காரர் வந்து அதை எடுத்துச் செல்வதாக ஏற்பாடு.

"அப்பா, அத எனக்குக் குடுத்துடுங்கப்பா. நான் அதுல வீடு கட்டப்போறேன்."

கோபுரத்து அநாதைகளுக்காகக் குலுங்கிக் குலுங்கி அழுத அந்த மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

"வரைபடம் இருக்கா?" என்றார்.

நண்டு அசரவில்லை. தையற்கடை நடத்தும் அம்மாவின் அளவு நாடாவைக் கடன் வாங்கி, கட்டம் போட்ட தாளில் வரைந்து, இரவுச் சாப்பாட்டின்போது தட்டுக்குப் பக்கத்தில் சமர்ப்பித்தாள். வியாழனன்று வரைபடம் திரும்பி வந்தது: சன்னல் இல்லை. சன்னல் வெட்டினாள். வெள்ளியன்றும் திரும்பியது: அவசர வழி இல்லை. பின்பக்கம் ஒரு கதவு வெட்டினாள். சனிக்கிழமை மாலை மூன்றாம் முறையாகத் திரும்பியது. சிவப்பு மையில் ஒரே ஒரு குறிப்பு: 'மேற்குச் சுவரின் அடியில் வட்டத் துளைகள் இரண்டு. பயன் குறிப்பிடப்படவில்லை. அடைத்தபின் மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

"அத அடைக்க முடியாதுப்பா."

"ஏன்?"

"வீட்லயே அதுதான் முக்கியம்."

"அப்ப எதுக்குன்னு எழுது."

"எழுதினா ரகசியம் போயிடும்ல?"

"எழுதலேன்னா அனுமதி இல்ல."

"ஏங்க," என்று குறுக்கிட்டாள் மனைவி, "அட்டைப்பெட்டிக்குப் போயி அடுக்குமாடிச் சட்டமா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் ஆய்வாளர், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே.

நண்டு எழுந்தாள். பெட்டிக்குள் போட்டிருந்த தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விடிந்தால் பெட்டி போய்விடும்.

விடிந்தது. ஆய்வாளருக்குப் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டுமே பாக்கி. கோபுரத்தை இடிக்க ஆள்கள் வந்துவிட்டார்கள், பிள்ளைகளைத் தேடிப் போன அத்தை இன்னும் திரும்பவில்லை, இந்த நேரத்தில் மனைவி, "என்னங்க, பரண்ல இருக்குற பேப்பரையெல்லாம் இறக்கணும்!" என்று குரல் கொடுத்தால் மனிதர் எங்கே போவார்? கூடத்தில் பெட்டி நின்றது. நேரில் பார்வையிடாமல் கோப்பை முடிப்பது முறையன்று என்று அவருக்கு அந்தக் கணத்தில் தோன்றியது. புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நான்கு காலில் தவழ்ந்து, பார்வையிட உள்ளே நுழைந்தார்.

ஆறடி உயரமான மனிதர். முழங்கால் மோவாயில் இடித்தது. இடப்பக்கம் ஒருக்களித்தார், சன்னலில் காது மாட்டியது. வலப்பக்கம் திரும்பினார், அவசர வழியில் முழங்கை அவசரமாக வெளியேறியது. வேறு வழியின்றிக் கால்களை நீட்டினார்.

கால்கள் நேராகப் போய்த் துளைகளுக்குள் நுழைந்தன. உராயவில்லை; இடிக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல, கணுக்காலுக்கு மேல் கச்சிதமாகப் பொருந்தின.

அப்போதுதான் அவர் உட்சுவரைப் பார்த்தார். ஒரு மூலையில் 'அம்மா இடம்.' நடுவில் 'என் இடம்.' அவர் முதுகு சாய்ந்திருந்த பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில், 'அப்பா இடம். கால் நீட்டிப் படிக்க.'

சிவப்பு மையால் தாம் எழுதிய குறிப்பு நினைவுக்கு வந்தது. இம்முறை பழி போட அங்கே விளக்கும் இல்லை.

வாசல் மணி அடித்தது. பேப்பர்காரர் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்னம்மா இது, பெட்டிக்குக் காலு முளைச்சிருக்கு?"

"தொடாதய்யா!" என்று பெட்டி அலறியது. "ஆள் குடியிருக்கு! நண்டு! ஓடி வா! பென்சில் கொண்டா!"

நண்டு ஓடிவந்து சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் மடியைப் பார்த்தாள்.

"அது என் புத்தகம்தானே?"

"சும்மா... புரட்டிப் பாக்குறேம்மா."

"கடைசி அத்தியாயத்தையா?"

ஆய்வாளர் கையை நீட்டினார். பென்சிலை வாங்கிச் சுவரிலேயே எழுதினார்: 'குடியிருப்போர் மூவர். துளைகள் இரண்டும் நிரந்தரம். அனுமதிக்கப்பட்டது.' சுருக்கொப்பம் போதாதென்று முழுக் கையெழுத்தே போட்டார். பிறகு, கடைசி அத்தியாயத்தில் செருகியிருந்த விரலை உருவி, பரிதாபமாகப் பெருமூச்சுவிட்டு, முதற்பக்கத்தைத் திருப்பினார்.

"சத்தமா படிங்கப்பா" என்று நண்டு தவழ்ந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவசர வழியாக அம்மா நுழைந்தபோது பெட்டி ஒரு பக்கமாகப் புடைத்து முனகியதே ஒழியக் கிழியவில்லை. பேப்பர்காரர் தராசைத் தரையில் வைத்துவிட்டுச் சன்னலோரம் குந்திக்கொண்டார். மூன்றாம் பக்கத்தில், "சார், கொஞ்சம் மெதுவா. அந்த நாயி யாரோடதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதை நீங்கள் யாருக்காகப் படித்தீர்கள்? பிள்ளைகளுக்குத் தக்கதுதானா என்று சும்மா புரட்டிப் பார்த்தீர்களா? அப்படியானால் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கால்கள் எந்தச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன?