அரைநிமிசமும் ஆடுகிற ஸ்டியரிங்கும்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைக்கு ஏறிய ஜீப்புகளில், அரைநிமிசத்தின் முதுகு ஒருமுறையாவது அடியில் கிடக்காத ஜீப்பு எழுபதுகளில் ஒன்றுகூட இருந்ததில்லை. மெக்கானிக். உண்மைப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எதைக் கேட்டாலும் "அரை நிமிசம்" என்பார். அது அரை நாளாகவும் இருக்கும், சில சமயம் நிஜமாகவே அரை நிமிஷமாகவும் இருக்கும். எது என்று முன்கூட்டிச் சொல்ல அவராலேயே முடியாது.

மனிதர் ஓரிடத்தில் தரிக்க மாட்டார். இட்லியைக்கூட இலையோடு உள்ளங்கையில் ஏந்தி, ஜீப்பைச் சுற்றி நடந்தபடியே தின்பார். நம் வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டிருக்கும்போது தெருவில் போகிற இன்னொரு வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் போச்சு. ஸ்பேனரோடு அதன் பின்னால் ஓடிவிடுவார். தேவாரத்துக்குப் பெண் பார்க்கப் போனவர், பெண்ணின் தாய்மாமன் டிராக்டரில் வந்து இறங்கிய சத்தம் கேட்டதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாராம். பட்டு வேட்டியோடு டிராக்டருக்கு அடியில் நுழைந்து, கரிய வேட்டியோடு வெளியே வந்தார். அதுவரை தலை குனிந்திருந்த பெண் அப்போதுதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்தது என்று எல்லாரிடமும் சொல்வார், அதையும் நடந்துகொண்டே.

எனக்கு அவர் வாய்த்தது என் கல்யாணத்தால். போடிமெட்டுக்கு மேலே எனக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். ஏறி இறங்க மூன்று கை மாறி வந்த ஒரு பழைய ஜீப்பு. கல்யாணமான மூன்றாம் வாரம் மனைவி ராஜாத்தியை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். அடிவாரத்து முந்தல் தாண்டி நாலாவது வளைவில் முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. உடனே ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கியது. என் கை, தோள், பல் எல்லாம் அதோடு சேர்ந்து உதறின. பிரேக்கை மிதித்து வண்டி நின்ற பிறகுதான் அதுவும் நின்றது. ரோட்டு விளிம்புக்கு இரண்டு முழம் பாக்கி.

ராஜாத்தி இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். கீழே இறங்கிக்கொண்டிருந்த பஸ்சைக் கைகாட்டி நிறுத்தினாள். "இது ஆடுறது நிக்கட்டும். அப்பறம் வர்றேன்" என்று ஏறிப் போய்விட்டாள். அதன் பிறகு அவள் போடியில், நான் மலையில். புது மாப்பிள்ளையின் மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்டாண்டு டிரைவர்கள் எல்லாரும் ஒரே மருந்தைச் சொன்னார்கள். ஷாக் அப்சார்பர் போய்விட்டது, லாரிக்குப் போடுகிற தடித்த ஷாக்கை வாங்கி மாட்டு, வண்டி அசையாது. அதை அப்படியே அரைநிமிசத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பட்டறைக்குள் நடந்துகொண்டே கேட்டார், நானும் கூடவே நடந்துகொண்டே சொன்னேன். ஷாக்கு எண்ணெய் கக்கிவிட்டது உண்மைதான், ஆனால் உதறல் அதனால் வரவில்லை என்றார். எனக்கிருந்த அவசரத்தில் அது காதில் ஏறவில்லை.

புது ஷாக்கு வாங்க இருவரும் மதுரைக்கு ரயில் ஏறுவதற்கு முன் அவர் ஒரு கயிற்றை எடுத்து வந்தார். ஜீப்பை ஜாக்கியில் தூக்கி, அச்சு தொங்குகிறபோது ஷாக்கு மாட்டுகிற இடத்தின் நீளத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். இறக்கி, மூட்டைகளை ஏற்றி, அமுங்கியபோது அளந்து இன்னொரு முடிச்சு. "ஷாக்கு இந்த ரெண்டுக்கும் தாங்கணும்ணே. கொறஞ்சா பிச்சுக்கிரும், கூடுனா இடிச்சுக்கிரும்" என்றார்.

மதுரைக் கடையில் ஒவ்வொரு ஷாக்கையும் தரையில் நிறுத்தி அமுக்கி, அது எப்படி எழுகிறது என்று பார்த்தார். பதினோராவது ஷாக்கில் கடைக்காரர் பில் புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது இவர் நடுத்தரமான நாலு ஷாக்கை ஒதுக்கி வைத்திருந்தார். நான் தடித்ததுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர் மறுநாள் அதையே மாட்டிக் கொடுத்தார்.

லாரியின் எடைக்குச் செய்த ஷாக்கு என் ஜீப்பின் எடைக்கு அமுங்கவே இல்லை. சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டி மொத்தமாகக் குதித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் தோட்டத்துக் கங்காணி இரண்டு முறை கூரைக் கம்பியில் முட்டிக்கொண்டார். மூன்றாவதுக்குக் காத்திராமல் இறங்கி, பாக்கி மலையை நடந்தே ஏறினார். ஸ்டியரிங் உதறல் இரண்டு நாள் அடங்கியிருந்தது, மூன்றாம் நாள் முன்னைவிடப் பலமாக வந்தது.

வெட்கத்தோடு பட்டறைக்குப் போனேன். அரைநிமிசம் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தார். உள்ளே மதுரையில் ஒதுக்கி வைத்த அதே நாலு ஷாக்கு. நான் டீ குடிக்கப் போன நேரத்தில், தேவைப்படாவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார்.

"இதை மாட்டுனா குதிக்கிறது நிக்கும். ஆனா ஷாக்கு ஆட்டத்தை அமுக்கித்தேன் வைக்கும்ணே. ஆட்டி விடுறவன் வேற எங்கயோ இருக்கான்."

அவனைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி இது. முன் மட்காட்டில் அவர் குப்புறப் படுத்துக்கொள்வார், தலை சக்கரத்தின் பக்கம் தொங்கும், நான் தேவாரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். ஓட்டினேன். ராசிங்காபுரத்தை நெருங்கும்போது ஸ்டியரிங் உதறியது. மட்காட்டில் கிடந்தவரும் உதறினார். எதிரே ஒரு மாட்டுவண்டி ரோட்டுக்குக் குறுக்கே வந்து நின்றது.

களத்திலிருந்து பத்துப் பேர் ஓடி வந்தார்கள். சட்டையைப் பிடித்து என்னை இறக்கினார்கள். மீசை வைத்த ஒரு பெரியவர், ஆளை அடித்துப் போட்டுவிட்டு அந்த ஆளையும் வண்டியிலேயே தொங்கவிட்டு ஓட்டுகிறாயா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மட்காட்டிலிருந்து தலை நிமிர்ந்தது.

"இன்னும் அரை நிமிசம் விட்டிருந்தா பாத்திருப்பேன். கெடுத்துட்டீங்க."

என்னை அடிக்க வந்தவர்களை அவர் அப்படியே வேலைக்கு வைத்துக்கொண்டார். நாலு பேர் முன்பக்கத்தைத் தூக்கினார்கள், ஒருவர் கட்டையைக் கொடுத்தார். அரைநிமிசம் இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். 'டொக்' என்று ஒரு சத்தம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மறுபடியும் ஆட்டினார், மறுபடியும் 'டொக்'. மீசைக்காரர் தனக்குக் கேட்டுவிட்டதாகப் பெருமையோடு அறிவித்தார்.

சக்கரம் திரும்புகிற இடத்தில் மேலும் கீழும் ஒரு பின், அதற்கொரு பேரிங். அதன் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் அளவாக இருக்க வேண்டும். எனக்கு முந்தைய கை எதுவோ பிஸ்கட் டின்னை வெட்டி அங்கே சொருகியிருந்தது. தகடு கூடி மூடி உயர்ந்துவிட்டதால் பேரிங் இறுகவில்லை. அந்த இடைவெளியில்தான் சக்கரம் உதறிக்கொண்டிருந்தது.

போடிக்கு வந்து சாக்கிலிருந்த நாலு ஷாக்கையும் மாட்டினார், பேரிங்கை மாற்றினார். ஏலக்காய் வியாபாரி ஒருவரின் வில் தராசை வாங்கி வந்து, எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்று பார்க்க, சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையில் அதன் கொக்கியை மாட்டி இழுத்தார். ஒரு தகடை எடுப்பார், இழுப்பார், முள்ளைப் பார்ப்பார், இன்னொன்றை எடுப்பார். தராசைத் தேடி வந்த வியாபாரியிடம் அரை நிமிசம் என்றார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது அந்த வியாபாரியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முள் எங்கே நிற்கிறது என்று இவருக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் அரைநிமிசம் என்னிடம்கூடச் சொல்லாமல் ராஜாத்தியைப் பார்க்கப் போயிருக்கிறார். வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி பேசியிருக்கிறார்.

"தங்கச்சி, நான் முன் மட்காட்டுல படுத்துக்கிர்றேன். நீ உள்ள உக்காரு. ஆடுச்சுன்னா மொதல்ல விழுகுறவன் நாந்தேன்."

"நீங்களும் உள்ளயே வாங்கண்ணே. நீங்க விழுந்துட்டா இந்த வண்டிய யாரு பாக்குறது?" என்றாள் அவள்.

மூன்று பேரும் கிளம்பினோம். நாலாவது வளைவில் அதே குழி. நான் ஒதுக்கப் பார்த்தேன், நேராக விடச் சொன்னார். சக்கரம் விழுந்தது, எழுந்தது. ஸ்டியரிங் என் கையில் சாதுவாக இருந்தது. இரண்டு வளைவு தாண்டினோம். பிறகு ராஜாத்தி இன்னொரு குழியில் விடச் சொன்னாள். போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் அந்த ரோட்டில் நாங்கள் விழாத குழி இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ரோடு போடுகிற காண்ட்ராக்டர் ஒருவரின் வண்டிகளோடு அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. நாலைந்து வருஷம் கழித்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. மொத்தம் மூன்று வரி. என்னைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. மழைக்கு முன்னால் இடது பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தீர்களா, ஷாக்கு எண்ணெய் கசிகிறதா, வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

ராஜாத்தி அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தாள். கிரீஸ் வைத்தாயிற்று, கசிவு இல்லை, மலையில் வண்டி தொட்டில் மாதிரி போகிறது என்று லெட்டரில் இடம் தீர்கிற வரைக்கும் எழுதினாள். நான் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு ஒட்டினேன்.

அந்த ஜீப்பை நாங்கள் விற்று அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.